ஒரு நிமிடம், பதினைந்து குண்டுகள்: லீ-என்ஃபீல்டா, மவுசரா?

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்கள் ஏந்திய துப்பாக்கி லீ-என்ஃபீல்ட், ஜெர்மானியர் ஏந்தியது மவுசர். இரண்டில் எது வேகமாகச் சுடும் என்பதுதான் கேள்வி என்றால் என் ஓட்டு லீ-என்ஃபீல்டுக்கு. அதன் மேகசினில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும், ஜெர்மானிய மவுசரில் ஐந்துதான் கொள்ளும், அதனால்தான் அது முந்துகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

பிரிட்டிஷ் ராணுவத்தின் 1909ஆம் ஆண்டு சுடுபயிற்சி விதிகளைப் பாருங்கள். படுத்த நிலையில், 300 கஜ தூரத்து இலக்கில், ஒரு நிமிடத்துக்குள் 15 குண்டுகள் சுட வேண்டும். தொடங்கும்போது குழலில் ஒன்று, மேகசினில் நான்கு, அவ்வளவுதான். மீதிப் பத்தையும் பையிலிருந்து ஐந்தைந்தாக எடுத்து நிரப்ப வேண்டும். பத்துத் தோட்டாச் சலுகைக்கு அந்தத் தேர்வில் இடமே இல்லை. மவுசர் வைத்திருப்பவரும் 15 குண்டுகளுக்கு அதே இரண்டு முறைதான் நிரப்புவார். ஆகவே வித்தியாசத்தை, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டில்தான் தேட வேண்டும்.

இரண்டிலும் வேலை ஒன்றுதான்: தாழ்ப்பாளைப் போலக் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மடக்க வேண்டும். 1907இல் வந்த மார்க் 3 லீ-என்ஃபீல்டில் கைப்பிடியைச் சுமார் 60 பாகை தூக்கினால் போதும். 1898ஆம் ஆண்டு மவுசரில் 90 பாகை. லீ-என்ஃபீல்டின் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்து விசைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. மவுசரின் கைப்பிடியோ நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கை விசையை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டும்.

இதைவிட முக்கியமானது சுருள்வில். மவுசரில் கைப்பிடியைத் தூக்கும்போதே, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் வில் இறுகுகிறது. சூடேறிய குழலில் ஒட்டிக்கொண்ட காலித் தோட்டாவைத் தளர்த்துவதும் அதே அசைவுதான். இரண்டு பாரமும் ஒரே தூக்கில் சேர்வதால் துப்பாக்கி தோளில் புரள்கிறது, குறி கலைகிறது. போல்ட் பின்னால் வரும் தூரமும் அதிகம் என்பதால் முகத்தைத் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. பிறகு இலக்கை மறுபடி தேட வேண்டும். நொடிகள் கரைவது இங்கேதான்.

லீ-என்ஃபீல்டில் வில் இறுகுவது போல்ட்டை முன்னே தள்ளும்போது. தள்ளும் கைக்கு வலு அதிகம்; துப்பாக்கியை முன்னால் பிடித்திருக்கும் இடது கை அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்கிறது. கன்னம் கட்டையிலேயே இருக்கலாம், கண் இலக்கை விடவேண்டியதில்லை. இன்று பழைய ராணுவத் துப்பாக்கிகளால் வேகப் போட்டியில் சுடுபவர்கள் சிலர் கைப்பிடிக் குமிழைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தபடி, நடுவிரலால் விசையை அழுத்துகிறார்கள். குமிழைக் கை விடுவதே இல்லை. நேர்க் கைப்பிடி மவுசரில் இது நடக்காத காரியம். 1935இல் வந்த கார்98கே என்ற மவுசர் கைப்பிடியைக் கீழே வளைத்து ஓரளவு ஈடுகட்டியது. 90 பாகையும் வில்லின் பாரமும் அப்படியே இருந்தன.

தோட்டா நிரப்புவதில் மவுசருக்கே என் மதிப்பெண். அதன் தோட்டாவுக்கு அடிப்பக்கத்தில் துருத்தும் விளிம்பு கிடையாது. ஐந்து தோட்டாக்களைக் கோத்த கிளிப்பை வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்து, ஐந்தும் உள்ளே போய்விடும். போல்ட்டை மூடினால் காலி கிளிப் தானே தெறித்து விழும். லீ-என்ஃபீல்டின் 303 தோட்டா விளிம்புள்ளது. மேகசினில் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் அத்தனை வேகமும் அங்கேயே நின்றுவிடும். அவசரத்தில் ஏற்படும் தவறையும் மவுசர் பொறுத்துக்கொள்ளும்: மேகசினிலிருந்து எழும் தோட்டாவை அதன் அகன்ற கொக்கி உடனே கவ்விவிடுவதால் இரண்டு தோட்டாக்கள் முட்டிக்கொள்ளும் சிக்கல் வருவதில்லை. பத்துத் தோட்டா மேகசினுக்கு மதிப்பு வருவது களத்தில்தான். ஐந்து சுட்டதும் ஒரு கிளிப்பை ஏற்றிக்கொள்ளலாம், துப்பாக்கி ஒருபோதும் காலியாக நிற்காது.

ரஷ்யாவின் மொசின்-நாகாந்த் இந்தப் பந்தயத்தில் பின்தங்கியே இருக்கும்: நேர்க் கைப்பிடி, 90 பாகைத் தூக்கு, விளிம்புத் தோட்டா, ஐந்தே குண்டு. கனடாவின் ராஸ் துப்பாக்கியில் தூக்கவே வேண்டாம், நேராக இழுத்துத் தள்ளினால் போதும். காகிதத்தில் அதுதான் எல்லாவற்றையும் வெல்ல வேண்டும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரு களத்தின் சேற்றிலும் சூட்டிலும் அதன் போல்ட் இறுகிக்கொண்டது. கனடா வீரர்கள் பலர் அதை வீசிவிட்டுக் கைக்குக் கிடைத்த லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் காவலர்களும் என்.சி.சி. மாணவர்களும் பல பத்தாண்டுகள் சுமந்த 303 இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

துப்பாக்கிக்கே எல்லாப் புகழையும் கொடுப்பது நியாயமில்லை. இங்கிலாந்தின் ஹைத் சுடுபயிற்சிப் பள்ளியில் இருந்த மேஜர் நார்மன் மெக்மஹன் கூடுதல் இயந்திரத் துப்பாக்கிகளைக் கேட்டார். அது கிடைக்காதபோது ஒவ்வொரு வீரனின் கையையும் வேகப்படுத்துவதே வழி என்று பயிற்சியை முடுக்கினார். பிரிட்டிஷ் காலாள்வீரன் தானாக விரும்பிச் சேர்ந்து ஏழு ஆண்டுகள் பணியில் இருப்பவன்; ஜெர்மானிய காலாள்வீரன் இரண்டு ஆண்டுக் கட்டாயச் சேவைக்காரன். 1914 ஆகஸ்ட் 23 அன்று பெல்ஜியத்தின் மோன்ஸில் ஜெர்மானியர் பிரிட்டிஷ் வீரர்களின் இந்தச் சூட்டை இயந்திரத் துப்பாக்கி என்றே நினைத்ததாகச் சொல்லும் கதை, சொல்லச் சொல்லப் பெருத்தது. பிரிட்டிஷ் பட்டாலியன் ஒவ்வொன்றிலும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் உண்மையாகவே இருந்தன.

துல்லியத்தில் மவுசரே மேல் என்பதை பிரிட்டிஷ் நிபுணர்களே ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மவுசரில் வெடிக்கும்போது போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் பற்கள் போல்ட்டின் முன்முனையில், தோட்டாவுக்கு ஒட்டி இருக்கின்றன. லீ-என்ஃபீல்டில் அவை பின்னால் தள்ளி இருப்பதால் வெடிப்பின் அழுத்தத்தில் போல்ட் சற்று நெகிழ்கிறது. அதனால் 1913இல் மவுசர் அமைப்பிலேயே புதிய துப்பாக்கி ஒன்றை உருவாக்கினார்கள். போர் குறுக்கிட்டதால் அது 303 தோட்டாவுக்கு மாற்றப்பட்டு, பி14 என்ற பெயரில் அமெரிக்காவில் தயாரானது. 1918இல் தொலைநோக்கி பொருத்தி ஒளிந்து சுடுபவர்களிடம் கொடுத்தார்கள். மவுசரின் முன்பற்களையும் ஐந்து தோட்டா மேகசினையும் எடுத்துக்கொண்ட அந்த வடிவமைப்பாளர்கள் ஒன்றை மட்டும் மவுசரிடமிருந்து வாங்கவில்லை. பி14இன் வில், லீ-என்ஃபீல்டைப் போலவே, போல்ட்டை முன்னே தள்ளும்போதுதான் இறுகியது.