அப்பாவின் எம்.சி.ஆர். செருப்பு: எட்டு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

அப்பாவுக்கு வயது 71. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து, வாசலில் விட்ட செருப்பை எடுக்க, பகல் மூன்று மணி வெயிலில் கோவிலின் சிமென்ட் முற்றத்தை வெறுங்காலோடு நிதானமாகக் கடந்து வந்தார். இரவு எண்ணெய் தேய்க்க அம்மா அவர் காலை மடியில் எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. வலது உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அப்பா எதையுமே உணரவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று.

கட்டுப்போட்ட மிஷன் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களைத் தொட்டார்கள். இரண்டு இடங்களில்தான் "தெரிகிறது" என்றார். உடனே, உணர்வற்ற காலுக்கான எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு தைத்துக்கொள்ளப் பின்கட்டில் இருந்த காலணிப் பட்டறைக்கு அனுப்பிவைத்தார்கள்.

அங்கே அளவெடுத்தவர் தொழுநோய் வந்து குணமானவர். வலக்கை விரல்கள் மடங்கியே இருந்தன. அப்பாவை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் தரையில் அமர்ந்தார். பாதத்தைத் தன் தொடைமேல் ஏற்றி, ஆறிய தழும்பைச் சுற்றிப் பென்சிலால் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் செருப்பைக் கொடுக்கும் முன் உட்புறம் முழுவதையும் தடவிப் பார்த்தார். பிறகு உதவிக்கு இருந்த பையனைக் கூப்பிட்டு, "நீயும் ஒருமுறை தடவிப் பார் தம்பி, என் விரலுக்குத் தெரியாது" என்றார். பெரிய வியாழன்தோறும் இயேசு சீடர்களின் பாதம் கழுவிய பகுதியை ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறவர் அப்பா. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

செருப்பைப் பற்றிச் சொல்கிறேன். மேலே, விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்பும் நுண்ணறை ரப்பர். அடியில், முள்ளும் கண்ணாடித் துண்டும் ஏறாத கெட்டி ரப்பர். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, பசையும் தையலும்தான். விரலிடுக்கை அறுக்கும் வார் இல்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் உணர்வற்ற காலுக்குத் தெரியாது என்பதால் குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள். முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் நடக்கச் சொன்னார்கள். கழற்றியதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே நேரத்தைக் கூட்டினோம். எட்டு மாதத்தில் புதுப் புண் ஒன்றும் வரவில்லை. எங்களுக்கு அதுதான் வேண்டும்.

இந்தச் செருப்புக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் உறவு உண்டு. சேந்தமங்கலத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் கொல்லிமலை தெரியும். டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தது அந்த மலையில்தான். மிஷனரியான அவர் தந்தை 1929-இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். தாய் எவலின் முதுமையிலும் மலைவாழ் மக்களோடு இருந்து ஊழியம் செய்து, 1974-இல் 95 வயதில் காலமானார். மகன் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயத்தின்மேல் காயம் பட்டுத் தேய்கிறது என்று எடுத்துக்காட்டியவர் அவர். மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதோடு அவர் நிற்கவில்லை. செருப்புத் தைப்பவர்களோடும் உட்கார்ந்து யோசித்தார். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் பலர் உழைத்த உழைப்பு இது. இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காக்கிறது.

குறைகளும் உண்டு. சாதாரண ரப்பர் செருப்பைவிடக் கனம். ஒட்டுப்பட்டையில் நூலும் தூசியும் அடைந்து ஆறாம் மாதமே பிடிப்பு தளர்ந்தது. பழைய பல் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறேன். குதிகாலில் ரப்பர் அமுங்கி இப்போது எழும்புவதில்லை. அமுங்கிய ரப்பரால் பயன் இல்லை, மாற்றியே ஆகவேண்டும். நகரக் கடைகளில் சர்க்கரை நோயாளிக்கானது என்று எழுதி விற்பதையும் பார்த்தேன். சிலவற்றின் உட்பகுதி கட்டைபோல் இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள். கால் உருக்குலைந்திருந்தால் கடைச் செருப்பு வேண்டவே வேண்டாம், அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேதனையையும் சொல்லவேண்டும். "குஷ்டரோகிகள் போடுகிற செருப்பு ஆயிற்றே" என்று உறவினர் ஒருவர் அப்பா முன்னிலையிலேயே சொன்னார். அப்பா கோபப்படவில்லை. "அவர்கள்தான் எனக்குத் தைத்துக் கொடுத்தார்கள்" என்றார்.

ஆனால் கோவிலுக்குள் செருப்போடு போக அவர் மனம் ஒப்பவே இல்லை. மோசேயையே பாதரட்சையைக் கழற்றச் சொன்னவர் ஆண்டவர் என்று வாதாடினார். விஷயத்தைக் கேள்விப்பட்ட எங்கள் சபை ஐயர் (போதகர்) வீட்டுக்கு வந்து, இன்னொரு ஜோடி தைக்கச் சொல்லுங்கள், அதைக் கோவிலுக்குள் மட்டும் போடலாம், என் அறை அலமாரியிலேயே இருக்கட்டும் என்றார். அப்பா அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். இந்த ஆண்டுப் பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அளவு கொடுக்க வரும் திங்கட்கிழமை போகிறோம்.