வசந்தம் வரட்டும் என்று காத்திருந்தோம், 65 ஆயிரம் டாலர் போனது

மெல்பர்னில் வீட்டை விற்க நினைப்பவர்கள் ஏஜெண்டைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். அதுவும் இப்போது குளிர்காலமாக இருந்து, "இப்ப வேண்டாம், செப்டம்பர் வரட்டும், ஆனா பேப்பரை மட்டும் இப்பவே முடிச்சுடலாம்" என்று ஒருவர் உங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால், கட்டாயம் படியுங்கள்.

2023 ஜூன். இங்கு அது குளிர்காலம்; வசந்தம் தொடங்குவது செப்டம்பரில். நகரத்தின் தென்கிழக்கில் மூன்று படுக்கையறை செங்கல் வீடு, 14 வருடம் இருந்தோம். பையனின் உயர்நிலைப் பள்ளிக்காக வேறு பகுதிக்குப் போக முடிவு செய்தோம். மூன்று ஏஜெண்டுகளை அழைத்துப் பேசினோம். முதல் ஆள் 8.4 முதல் 8.9 லட்சம் டாலர் என்றார். இரண்டாமவர் 8.5 முதல் 8.9. மூன்றாவதாக வந்தவர் தமிழர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், என்னை "அண்ணா" என்றார், மனைவியை "அண்ணி" என்றார். முன்வாசலில் இருக்கும் மக்னோலியா மரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, "இது பூத்து நிக்கும்போது போட்டோ எடுத்தா போதும் அண்ணா, வீடு தானா வித்துரும். குளிர்ல போட்டு ஏன் குறைச்சு விக்கணும்?" என்றார். அவர் எழுதிய விலை 8.8 முதல் 9.6.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஏஜெண்ட் தன் மதிப்பீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரவேண்டும். ஒரே தொகையாக எழுதலாம், இல்லையென்றால் 10 சதவீதத்துக்கு மேல் விரியாத ஒரு வரம்பாக எழுதலாம். அதனால் அந்தத் தொகைக்கு ஏதோ சட்ட அங்கீகாரம் இருப்பதுபோல எங்களுக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் இல்லை. அந்த விலை வராவிட்டால் அவர் பாக்கெட்டிலிருந்து ஒன்றும் போகாது. மூன்று பேரில் யார் அதிகம் சொன்னாரோ அவரிடம் கொடுத்தோம், அவ்வளவுதான். கூட இரண்டு வார்த்தை தமிழும் சேர்ந்துவிட்டது.

ஜூன் 24 அன்று கையெழுத்துப் போட்டோம். அந்தப் படிவத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு: எக்ஸ்க்ளூசிவ் அத்தாரிட்டி, அதாவது விற்கும் உரிமை அவருக்கு மட்டும், எத்தனை நாள் என்று. அவர் பேசிக்கொண்டே, நீலப் பேனாவில், 180 என்று எழுதினார். நான் பார்த்தேன். கேட்கவும் செய்தேன். "ஃபார்மாலிட்டி அண்ணா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க" என்றார். எல்லாரும் போடுவதில்லை. அந்தப் பெட்டியில் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால், ஏல விற்பனை என்றால் ஏலம் முடிந்து 30 நாளில், தனி விற்பனை என்றால் கையெழுத்திட்டு 60 நாளில் அது தானாகவே முடிந்துவிடும் என்பதுதான் இங்குள்ள விதி. 180 நாள் என்றால் டிசம்பர் 21 வரை. அதுவரை நானே தெருவில் ஒரு ஆளைப் பிடித்து விற்றாலும் அவருக்குக் கமிஷன் உண்டு.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. அவர் சொன்ன தொகையை நம்பி ஜூலையிலேயே புது வீட்டை வாங்கிவிட்டேன். டிசம்பர் 19 செட்டில்மெண்ட், அதாவது முழுப் பணத்தையும் கட்டி வீட்டைக் கையில் வாங்கும் நாள். "தாராளமா வாங்குங்க, அக்டோபர்லயே உங்க வீடு முடிஞ்சிரும்" என்று அவர் சொன்னார்தான். ஆனால் கணக்குப் போட்டிருக்கவேண்டியது நான்.

மக்னோலியாவுக்கு வருவோம். இந்த ஊரில் அந்த மரம் பூப்பது குளிர் முடிவதற்குள்ளேயே. ஆகஸ்டில் இலையே இல்லாமல் மரம் முழுக்க இளஞ்சிவப்பாக நின்றது. நான் போன் செய்து, பூத்துவிட்டது, ஆளை அனுப்புங்கள் என்றேன். "இன்னும் நேரம் இருக்கு அண்ணா" என்றார். செப்டம்பர் நடுவில் இதழ்களைக் கூட்டிப் பெருக்கிப் பச்சைத் தொட்டியில் போட்டேன். புகைப்படக்காரர் வந்தது அக்டோபர் கடைசியில். படத்தில் இருப்பது வெறும் இலை.

ஏன் அவ்வளவு தள்ளிப் போனது? செப்டம்பரில் பள்ளி விடுமுறை, 16ஆம் தேதியிலிருந்து இரண்டு வாரம், ஊரில் ஆள் இருக்கமாட்டார்கள் என்றார். 30ஆம் தேதி கால்பந்து கிராண்ட் ஃபைனல், அன்று மெல்பர்னில் ஏலம் வைப்பவன் பைத்தியக்காரன் என்றார். இரண்டும் உண்மைதான். அப்புறம் அக்டோபர் முழுக்கவும் ஏதோ ஒரு காரணம். பிறகு மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் முடியட்டும் என்றார். கடைசியில் நவம்பர் 18.

அக்டோபரில் ஒருநாள் மாலை மனைவியும் நானும் வழக்கமான சுற்று நடந்தபோதுதான் புரிய ஆரம்பித்தது. முப்பது நிமிட நடைக்குள் 11 விற்பனைப் பலகை. அதில் ஐந்தில் அவர் முகம். "நாம ஆறாவது ஆளு போல" என்றாள் அவள். அந்த ஐந்தில் மூன்று, எங்களுடையதைப் போலவே மூன்று படுக்கையறை, ஏறக்குறைய அதே அளவு மனை. அந்த மூன்றின் ஏலமும் அக்டோபர் 14, 21, 28 என்று வரிசையாக இருந்தது. எங்களை அந்த வரிசையின் வாலில் கட்டியிருந்தார்.

வசந்தத்தில் வாங்குபவர்கள் கூடுகிறார்கள் என்பது பொய்யில்லை. ஆனால் விற்பவர்களும் கூடுகிறார்கள், அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. ஜூலையில் எங்கள் பகுதியில் எங்களைப்போன்ற வீடு தேடுபவருக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைத்திருக்கும். நவம்பரில் ஒரே சனிக்கிழமை காலையில் நாலு வீடு பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஏஜெண்டுக்கு எது விற்றாலும் கமிஷன்தான். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவரை அடுத்த தெரு வீட்டுக்கு அனுப்பினாலும் அவருக்கு நஷ்டமில்லை, எங்களுக்குத்தான்.

நவம்பர் 7, கப் நாள், செவ்வாய்க்கிழமை. குதிரை ஓடுவதற்கு அரை மணி முன்பு ரிசர்வ் வங்கி வட்டியை 4.10இலிருந்து 4.35 ஆக்கியது. இதற்கு ஏஜெண்டைக் குறை சொல்லமாட்டேன், அவர் கையில் இருந்த விஷயமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பேச்சு மாறியது. அடிக்கடி ஒரு அறிக்கை அழைப்பு வரும். "பாத்தவங்க ஏழரைன்னு சொல்றாங்க அண்ணா." அடுத்த வாரம், "சமையலறை பழசுன்னு எல்லாரும் சொல்றாங்க." ஜூனில் அதே சமையலறையில் நின்றுதான் "மரவேலை சூப்பர்" என்றார். மதிப்பீட்டை 7.9 முதல் 8.6 என்று குறைத்த புதுத் தாள் ஒன்று வந்தது. முதலில் பெரிய தொகையைக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, பிறகு வாரம் ஒரு சுத்தியல் அடி அடித்து விற்பவரின் மனதைக் கீழே இறக்குவது. இந்தத் தொழிலில் இதற்கு கண்டிஷனிங் என்றே பெயர் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஏலத்தன்று காலைவரை பேசி, 8.7 என்றிருந்த எங்கள் ரிசர்வ் விலையை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டோம் என்ற தொகையை, 8.3க்குக் கொண்டுவந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை வாசலில் சுமார் பதினைந்து பேர். அதில் ஒன்பது பேர் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒருவர் நாயோடு வந்திருந்தார். ஏலக்காரர் நல்ல குரலில் பத்து நிமிடம் பள்ளி, ரயில், பூங்கா என்று பேசினார். யாரும் வாய் திறக்கவில்லை. 8 லட்சம் என்று அவரே ஒரு விலையைப் போட்டு, இது வெண்டர் பிட் என்று அறிவித்தார். இங்கு விற்பவர் சார்பாக விலை கேட்டால் அப்படி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மறுபடி அமைதி. நாய் ஒருமுறை குரைத்தது. பாஸ்டு இன், அதாவது ஏலத்தில் விற்காமல் போனது. உள்ளே வந்து, கூடத்தில் நின்றுகொண்டே, "ஒண்ணும் கவலைப்படாதீங்க, விளம்பரத்தை ஒரு பூஸ்ட் பண்ணிடலாம்" என்றார். ஏற்கெனவே 7,300 டாலர் விளம்பரத்துக்கு முன்பணமாகக் கட்டியிருந்தோம். பூஸ்டுக்கு இன்னொரு 1,150.

கோபத்தில் வேறு ஏஜெண்டிடம் போகலாம் என்று படிவத்தை எடுத்துப் பார்த்தால், நீலப் பேனாவில் அந்த 180. டிசம்பர் 21க்குள் வேறு யாரிடம் போனாலும் இரண்டு கமிஷன் கட்டவேண்டியிருக்கும். 19ஆம் தேதி எங்கள் புது வீட்டுக்குப் பணம் கட்டவேண்டும். டிசம்பர் 2இல் 8.05 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். வாங்கியவர்கள் ஜனவரி கடைசியில்தான் செட்டில்மெண்ட் என்றதால், நடுவில் ஆறு வாரம் இடைவெளியைச் சமாளிக்க வாங்கிய பிரிட்ஜிங் லோன் வட்டி தனி.

இதோடு முடிந்திருந்தால் சந்தை சரியில்லை, நேரம் சரியில்லை என்று விட்டிருப்பேன். பிப்ரவரியில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் இப்போது இருப்பது எங்கள் பழைய வீட்டுக்குப் பின்தெரு. "உங்க தெருவுலதான் முதல்ல வாங்கணும்னு இருந்தேன். ஜூலைல அந்த ஏஜெண்ட்கிட்ட கேட்டேனே, 8.7 வரைக்கும் போவேன்னுகூட சொன்னேன். மக்னோலியா மரம் வச்ச வீடு வரப்போகுதுன்னாரு, ஆனா இப்ப இல்லைன்னு பின்தெரு வீட்டைக் காட்டுனாரு" என்றார். 8.7க்கும் நாங்கள் விற்ற 8.05க்கும் 65 ஆயிரம் வித்தியாசம். கையிலிருந்த பேப்பர் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன்.

எழுத்தில் வந்த விலையை விற்பவரிடம் சொல்லாமல் மறைத்தால் அது நேரடியான விதிமீறல். இது வெறும் வாய்ப்பேச்சு, போனில். அவர் மறுத்தால் என்னிடம் ஆதாரமில்லை. மறுத்தார். "அப்ப நீங்க ரெடியா இல்லையே அண்ணா" என்றார். யார் எங்களை ரெடியாக இல்லாமல் வைத்திருந்தது?

இன்று விற்பதாக இருந்தால் நான் என்ன செய்வேன் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மாதத்தைப் பார்க்கமாட்டேன். என் வீட்டைப்போல எத்தனை வீடு இந்த வாரம் பலகை போட்டிருக்கிறது என்று நடந்துபோய் எண்ணுவேன். கையெழுத்துக்கு முன்னால், இதே பகுதியில் உங்கள் கையில் இப்போது எத்தனை வீடு, எந்தெந்தத் தேதியில் ஏலம் என்று எழுத்தில் கேட்பேன். மதிப்பீட்டுக்கு ஆதாரமாக எந்த வீடுகளின் விற்பனையை வைத்தார் என்று கேட்டு, அந்த வாசல்களில் போய் நின்று பார்ப்பேன். வசந்தத்தில்தான் விற்பது என்றால் கையெழுத்தும் வசந்தத்தில்தான். கமிஷன், விளம்பரச் செலவு இரண்டுமே பேசிக் குறைக்கக்கூடியவை; படிவத்திலேயே அப்படி அச்சடித்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை மட்டும் செய்தேன். விளம்பரத்துக்கு நாங்கள் கட்டிய 8,450 டாலருக்கும் அசல் பில்களை அனுப்புங்கள் என்று அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். விளம்பர நிறுவனங்கள் ஏஜெண்டுக்குத் தரும் தள்ளுபடியை ஏஜெண்ட் வைத்துக்கொள்ள இங்கு சட்டம் இடம் கொடுப்பதில்லை, அது விற்பவருக்கு வரவேண்டிய பணம். இரண்டு வாரம் பதிலில்லை. நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவுக்குப் போவேன் என்று இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். நாலாம் நாள் வங்கிக் கணக்கில் 640 டாலர் வந்திருந்தது. கூட ஒரு வரி விளக்கம்கூட இல்லை. பில்களை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.