சொகுசு ஹைப்ரிட் கார்: பல வருடம் ஓட்டியபின் எழுதுகிறேன்

ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும், சொகுசு கார் வாங்கலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் மைலேஜைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பல வருடம் ஓட்டியபின் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது வேறு. நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்துவிட்டு இறங்கினாலும் உடம்பில் அலுப்பு தெரிவதில்லை. தோல் இருக்கை, பெரிய திரை எல்லாம் இருக்கின்றன. அவை சில மாதத்தில் பழகிப்போய்விடும். இந்த அலுப்பில்லாத ஓட்டம் மட்டும் இன்றுவரை பழகிப்போகவில்லை. இதற்காக வாங்குபவர்கள் ஏமாற மாட்டார்கள். எரிபொருள் செலவைக் குறைக்க மட்டும் வாங்குபவர்கள், வாங்கும் விலையையும் சேர்த்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

என்னிடம் இருப்பது டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸின் இஎஸ் 300எச், 2018இல் வந்த ஏழாம் தலைமுறை. 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அதோடு மின்மோட்டார்கள், பின் இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. முந்தைய தலைமுறையில் இந்தப் பேட்டரி பின் இருக்கைக்குப் பின்னால் இருந்து டிக்கி இடத்தைத் தின்றது. இதில் அந்தத் தொல்லை இல்லை. சார்ஜரில் செருகும் வேலையும் கிடையாது. இதோடு, சார்ஜரில் செருகி நிரப்பும் பெரிய பேட்டரி கொண்ட ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் எஸ்யூவியும் சில வருடம் வீட்டில் இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியதில், ஹைப்ரிட் என்ற ஒரே பெயருக்குள் எவ்வளவு வித்தியாசமான கார்கள் இருக்கின்றன என்பது நன்றாகப் புரிந்தது.

நீண்ட நாள் உழைப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வகை ஹைப்ரிட்டில் வழக்கமான கியர்பாக்ஸ் கிடையாது. ஒரு பிளானட்டரி கியர் தொகுதி (நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில பல்சக்கரங்கள்), எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறது. எவ்வளவு சக்தி எங்கிருந்து வரவேண்டும் என்பதை மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத கியர்பாக்ஸ்) என்று சொன்னாலும் சாதாரண சிவிடியில் இருக்கும் எஃகு பெல்ட் இதில் இல்லை. தேய்ந்துபோகும் கிளட்ச் இல்லை, தனி செல்ஃப் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, அதைச் சுற்றும் பெல்ட்டும் இல்லை. ஏசி கம்ப்ரஸர்கூட மின்சாரத்தில் ஓடுகிறது. ‘இவ்வளவு சிக்கலான கார் சீக்கிரம் பழுதாகும்’ என்று பலர் பயப்படுகிறார்கள். சிக்கல் இருப்பது மின்னணுவிலும் மென்பொருளிலும். சாதாரணக் காரில் வழக்கமாகத் தேயும் பாகங்களில் பல இதில் இல்லவே இல்லை. டொயோட்டா 1997இல் ப்ரியஸில் கொண்டுவந்த அடிப்படை அமைப்பு இது. சொகுசுப் பக்கத்தில் 2005இல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 400எச் வந்தது, 2007இல் வி8 எஞ்சினுடன் எல்எஸ் 600எச். இத்தனை காலம் ஒரே யோசனையைத் திருத்தித் திருத்திச் செய்தது, ஓட்டும்போது தெரிகிறது.

ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். காலையில் பட்டனை அழுத்தினால் சத்தமில்லாமல் ‘ரெடி’ விளக்கு எரியும். சில விநாடியில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும், பேட்டரி நிறைந்திருந்தாலும்கூட. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாக வேண்டும் என்பதற்காக ஓடுகிறது, கோளாறு எதுவும் இல்லை. சூடானபின் நகரத்தில் எஞ்சின் அடிக்கடி அணைந்தே கிடக்கும். சிக்னலில் நின்றால் முழு அமைதி. கிளம்பும்போதும் மோட்டார்தான் இழுக்கும். எஞ்சின் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்பது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிவதே இல்லை. இந்தத் தடயமில்லாத மாற்றத்தில்தான் பொறியாளர்களின் உழைப்பு முழுவதும் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அமைதி கலையும் இடமும் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் ஒரே உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்று கத்தும். வேகம் ஏறுகிறது, சத்தம் மட்டும் மாறாமல் இருக்கிறது. கியர் மாறி மாறிப் போகும் கார்களில் பழகிய காதுக்கு இது பிடிக்காது. நிறுவனம் சொல்லும் நூறு கிலோமீட்டர் வேக எட்டல் 8.9 விநாடி, போதுமானதுதான், ஆனால் வேகப்பிரியர்களுக்கு இந்தக் கார் வேண்டாம். முன்கூட்டியே பார்த்து, பாதி அழுத்தத்தில் நிதானமாக முந்திப் பழகினால் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டிய சந்தர்ப்பமே குறைந்துவிடும்.

மலை இறக்கத்திலும் இப்படி ஒன்று நடக்கும். இறங்க இறங்க மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். சிறிய பேட்டரி என்பதால் நீண்ட இறக்கத்தில் அனுமதித்த அளவுக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும். அதன்பிறகு மின்சாரத்தைப் போட இடம் இல்லாமல், எஞ்சினைச் சுழற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். திடீரென்று எஞ்சின் உறுமுவதைக் கேட்டு முதல் தடவை எல்லோரும் பதறுகிறார்கள். பதற வேண்டாம். பல டொயோட்டா ஹைப்ரிட்களின் கியர் நெம்புகோலில் ‘B’ (நிறுத்தும்போது போடும் ‘P’ அல்ல) என்ற நிலை இருப்பது இந்த வேலைக்குத்தான். சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டினால் மைலேஜ் வீணாகும், அவ்வளவே.

சரி, மைலேஜ். அமெரிக்க அரசின் சோதனையில் இந்தக் காருக்கு நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து லிட்டருக்குச் சுமார் 18.7 கிலோமீட்டர் என்று வந்தது. இதே உடலில் 3.5 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சினோடு வந்த இஎஸ் 350க்கு அதே சோதனையில் 11தான். என் கையில் நகரத்தில் 17, 18 என்று கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் அதையும் தாண்டும். 120ஐப் பிடித்தால் 15க்கு இறங்கிவிடும். நெரிசலில் வீணாகும் ஆற்றலைத் திரும்பப் பிடிப்பதுதான் ஹைப்ரிட்டின் பலம். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் சாலையில் திரும்பப் பிடிக்க ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே வாரம் முழுக்க நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு, ஹைப்ரிட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை எரிபொருளில் திரும்ப வர நெடுநாள் ஆகும். நகரத்தில் ஓடுபவருக்கு நிலைமை தலைகீழ்.

பிரேக் பேடுகளைப் பற்றிச் சந்தோஷமாக எழுதலாம். வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பேடுகள் தேய்வதே தெரியவில்லை. ஆனால் அதிலேயே ஒரு தீங்கும் ஒளிந்திருக்கிறது. அதிகம் பயன்படாத டிஸ்க்குகளில் துரு பிடிக்கும், ஈரமான இடங்களில், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் இறுகிக்கொள்ளும். சாலை காலியாக இருக்கும்போது அவ்வப்போது கொஞ்சம் அழுத்தமாகப் பிரேக் போடுவேன். சர்வீஸில் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குவேன்.

எல்லோருக்கும் பெரிய பயம் பேட்டரிமேல்தான். செல்போன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்வதைப் பார்த்துவிட்டு, கார் பேட்டரியும் அப்படித்தான் ஆகும் என்று நினைக்கிறோம். போனை நாம் முழுக்க நிரப்பி முழுக்க வடிக்கிறோம். இந்தக் காரின் கம்ப்யூட்டர் பேட்டரியை ஒருபோதும் முழுதாக நிரம்பவும் விடாது, முழுதாகக் காலியாகவும் விடாது. நடுவில் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தும். அது நீண்ட நாள் உழைப்பதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. பேட்டரிக்கு உண்மையான எதிரி சூடு. பின் இருக்கைப் பக்கத்தில் சிறிய காற்றுத் துவாரம் ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் கேபின் காற்றை இழுத்துப் பேட்டரியைக் குளிர்விக்கிறார்கள். அதன்மேல் பையையோ துணியையோ வைத்து மூடக்கூடாது. உள்ளே இருக்கும் வடிகட்டியில் தூசியும் செல்லப்பிராணிகளின் முடியும் அடைத்தால் பேட்டரி மெல்லச் சூடேறிக் காலத்துக்கு முன்பே தளரும். சில நிமிட வேலை. ஆனாலும் பல சர்வீஸ் பட்டியல்களில் நாம் கேட்டால்தான் செய்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் எல்லா ஹைப்ரிட் உரிமையாளர்களிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், பெரிய பேட்டரிக்குப் பயப்படுபவர்கள் சின்னதை மறந்துவிடுகிறார்கள். எல்லா ஹைப்ரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை. கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைத்துவிடுகிறது. அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் அசையாது. சாதாரணக் காரில் செல்ஃப் எடுக்கத் திணறும்போதே பேட்டரி போகப்போகிறது என்று தெரிந்துவிடும்; இதில் அந்த எச்சரிக்கை கிடையாது. வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதாக இருந்தால் இடையிடையே ‘ரெடி’யில் அரை மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். ‘ரெடி’க்குப் போகாமல், பாட்டு போன்றவை மட்டும் இயங்கும் ஏசிசி (ACC) நிலையில் பாட்டுக் கேட்டால் பேட்டரி இன்னும் வடியும். ‘ரெடி’யில் வைக்கும்போது திறந்த வெளி முக்கியம். சத்தமில்லை என்று மூடிய ஷெட்டுக்குள் அணைக்காமல் விட்டுப் போனால், எஞ்சின் தானாக ஓடத் தொடங்கி நச்சுப்புகை நிறையும். உயிருக்கே ஆபத்து.

ஏசியில் ஒருமுறை அனுபவப்பட்டேன். கேஸ் குறைந்திருந்தது, வெளியே ஒரு பட்டறையில் விட்டோம். அங்கே எல்லாக் காருக்கும் ஊற்றும் கம்ப்ரஸர் ஆயிலையே எடுத்து வந்தார்கள். நல்லவேளையாக ஊற்றும் முன் கேட்டோம். ஹைப்ரிட்டின் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில்தான் அதற்குச் சேரும். சாதாரண ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு, காரே கிளம்ப மறுக்கும் அளவுக்குப் போகலாம். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரியும் எந்த இடத்திலும் பயிற்சி பெறாதவர் கை வைக்கக்கூடாது.

இனி பிளக்-இன் கதை. சார்ஜ் நிறைந்த நாளில் அந்த எஸ்யூவி அற்புதம். வேலைக்குப் போய் வரும் தூரம் முழுக்க மின்சாரத்திலேயே முடிந்துவிடும், இழுவையும் இஎஸ்ஸைவிட அதிகம். சார்ஜ் தீர்ந்த நாளில், அதே எடைமிக்க பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோல் குடிக்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் மின்தூரம் கண்ணெதிரே சுருங்கும். எடையால் டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன, ஸ்டெப்னிக்கு இடமே இல்லை. பெட்ரோல் மூடியைத் திறக்கும் முன் பட்டனை அழுத்தி, டேங்கின் அழுத்தம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு உறுத்தியது இன்னொன்று: நெடுஞ்சாலை வேகத்தில் போகும்போது மின்சாரம் தீர்ந்தால், அதுவரை சில்லென்று கிடந்த எஞ்சின் நேராக முழுச் சுமைக்குத் தாவும். எஞ்சினை நேசிப்பவர்களுக்கு அந்தச் சத்தம் மனதைப் பிசையும். நீண்ட பயணத்தில், ஊருக்குள் மின்சாரத்தைச் செலவழிக்காமல் சேமிப்பு முறையில் எஞ்சினை முதலில் சூடாக்கிக்கொண்டேன், அது உதவியது.

ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடு, ஆய்வகச் சோதனை அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு என்று இருந்தது. முக்கியக் காரணம், எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் சார்ஜ் செய்து ஓட்டுவதில்லை என்பது. வீட்டில் கார் நிற்கும் இடத்திலேயே சார்ஜ் போட வசதி இருந்து, தினமும் போடுபவர்கள் மட்டும் பிளக்-இன் வாங்கலாம். மற்றவர்களுக்கு என் பதில் உறுதியாக வேண்டாம் என்பதே.

இன்று பல சொகுசு கார்களின் விளம்பரத்தில் வரும் 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட்டை இந்த வரிசையில் சேர்க்கவே மாட்டேன். எஞ்சின் அணைந்து எழுவதை அது மிருதுவாக்கும், கொஞ்சம் எரிபொருள் மிச்சமாகும். பெரும்பாலானவை மோட்டாரில் மட்டும் காரை நகர்த்தாது. ஹைப்ரிட் என்ற எழுத்தை நம்பி முழு ஹைப்ரிட்டின் அமைதியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பழைய ஹைப்ரிட் வாங்குபவர்களுக்குச் சில வார்த்தை. ஓடிய தூரத்தைவிட, தொடர்ந்து ஓடியதா என்று பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற குறைந்த கிலோமீட்டர் காரைவிட, தினமும் ஓடிய காரின் பேட்டரி ஆரோக்கியமாக இருக்கும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் பேட்டரியின் நிலையைச் சோதித்து அறிக்கை வாங்குங்கள். பேட்டரிக்கான உத்தரவாதம் நாட்டுக்கு நாடு மாறும், அது புது உரிமையாளருக்கு மாறுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் மின்விசிறியின் வடிகட்டியைத் திறந்து பார்த்தால் முந்தைய உரிமையாளர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். டிஸ்க்கில் துருவையும், பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டருக்கான கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) அளவையும் பாருங்கள். பல கார்களில் எஞ்சினுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு தொட்டி இருக்கும், இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. கடைசியாக, குளிர்ந்த எஞ்சினோடு கிளப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் காரைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் போங்கள்.