கத்திரி வெயில், மொட்டை மாடி, 130 மி.மீ டெலஸ்கோப்: 3 மாசம் வச்சுப் பாத்ததுல தெரிஞ்சது

2025 மார்ச் கடைசில வாங்குனது. 130 மி.மீ கண்ணாடி, 650 மி.மீ ஃபோகல் லெங்த், நியூட்டோனியன் டைப் (முன்னாடி பெரிய லென்ஸ் இல்லாம குழிக் கண்ணாடி வச்சு வெளிச்சத்தைச் சேக்குறது), கூட ஒரு ஈக்குவடோரியல் மவுண்ட் (வானம் சுத்துற போக்குலயே குழாயைத் திருப்புற தாங்கி), கண்ணை வச்சுப் பாக்குற ஐபீஸ் 25 மி.மீ, 10 மி.மீன்னு ரெண்டு, உருவத்தை இன்னும் பெருசாக்குற ஒரு பிளாஸ்டிக் பார்லோ லென்ஸ், எல்லாஞ் சேத்து 26,000 ரூபா ஆச்சு. கம்பெனி பேரும் சொல்லல, அனுப்புன கடை பேரும் சொல்லல, ஏன்னா இதே சாமானத்தை நாலஞ்சு பேர்ல வேற வேற பெயின்ட் அடிச்சு விக்கிறாய்ங்க, ஸ்பெக் ஒண்ணா இருந்தா பொருளும் அநேகமா ஒண்ணுதான்.

நமக்கு வீடு ஒத்தக்கடை பக்கம். தென்மேற்குல மதுரை டவுன் வெளிச்சம் ராத்திரி பூரா ஆரஞ்சா நிக்கும், கேலக்ஸி நெபுலா எல்லாம் பாத்துரலாம்னு மொத மூணு நாள் முக்கி முக்கிப் பாத்தேன், ஒரு மண்ணும் தெரியல. போட்டோவுல வர்ற கலரெல்லாம் கண்ணுக்கு வராது, அதுவும் டவுன் பக்கத்துல இருந்துக்கிட்டு அந்த ஆசையே வேணாம். கிரகம், அப்புறம் இரட்டை நட்சத்திரம் (வெறுங்கண்ணுக்கு ஒண்ணாத் தெரிஞ்சு டெலஸ்கோப்புல ரெண்டாப் பிரியுறது), இந்த ரெண்டுக்குன்னா மட்டும் வாங்கலாம், அதுக்கு ஊர் வெளிச்சம் நிலா வெளிச்சம் எதுவும் பெருசா தடை இல்ல.

தடை என்னன்னா சூடு. இதை எந்த ரிவ்யூவுலயும் எனக்கு யாரும் சொல்லல. ஏப்ரல்ல எட்டு மணிக்கு வியாழன் மேற்க நல்லா நின்னுச்சு, 10 மி.மீ ஐபீஸ் போட்டு 65 மடங்குல வச்சா நாலு நிலாவும் வரிசையா இருக்கு, ஆனா கிரகம் மட்டும் ரசத்துல விழுந்த அப்பளம் மாதிரி நெளிஞ்சுக்கிட்டே கெடக்கு. கண்ணாடி சரியில்ல போலன்னு ரிட்டர்ன் போடுற அளவுக்குப் போயிட்டேன். அப்புறந்தான் புரிஞ்சுச்சு, பகல் பூரா 40 டிகிரில வெந்த தளம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் சூட்டைக் கக்குது, பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட் வேற நம்ம பக்கமே ஊதுது, கீழ ரூம்ல இருந்த குழாயும் கண்ணாடியும் தனியா ஆறணும், இந்த மூணும் அடங்காம வானம் அடங்காது.

நான் கண்ட வழி இதான், ஆறரைக்கே டெலஸ்கோப்பை மாடிக்குத் தூக்கிட்டுப் போய் மூடியக் கழட்டி வச்சுர்றது (சூரியன் நல்லா மறைஞ்ச பெறகு மட்டும், வெயில் உள்ள விழுந்தா கண்ணுக்கும் ஆபத்து பொருளுக்கும் ஆபத்து), தளத்துக்கு நாலு வாளி தண்ணி. குடிக்கவே லாரி வந்தாத்தான் தண்ணி, இவன் மாடிக்கு ஊத்துறான்னு அம்மா ஒரு பாட்டு பாடுனாங்க, அதனால துணி அலசுன தண்ணியை எடுத்து வச்சு ஊத்துனேன். நம்ப மாட்டீங்க, வியாழனோட ரெண்டு பட்டையும் அன்னிக்குத்தான் கோடு போட்ட மாதிரி நின்னுச்சு. நமக்கு இன்னொரு வசதி, மதுரை 10 டிகிரி அட்சரேகைல இருக்கு, கிரகமெல்லாம் நல்லா உச்சிக்கே ஏறி வரும், ஐரோப்பாக்காரய்ங்க மாதிரி அடிவானத்துப் புகைக்குள்ள தேட வேண்டியதில்ல.

ஆனா அதே 10 டிகிரி மவுண்ட்டுக்கு வில்லன். ஈக்குவடோரியல் மவுண்ட்டோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பாக்கணும், நமக்கு அது வடக்க வெறும் 10 டிகிரி உயரத்துல, என் வீட்ல பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்குக்குப் பின்னாடி. அச்சை அம்புட்டு கீழ சாய்ச்சா எடைக்கல் மாட்டுற கம்பி போய் ஸ்டாண்ட் கால்ல இடிக்குது. மேனுவல் குளிர் நாட்டுக்காரனுக்கு எழுதுனது, அதுல இதைப் பத்தி ஒரு வரி இல்ல. கடைக்காரருக்கு போன் போட்டா "அப்படியெல்லாம் வராதே சார்"ங்கிறார். கடைசில ஒத்தக் காலைத் தெக்க திருப்பிப் போட்டு வடக்கப் பக்கம் ரெண்டு காலுக்கு நடுவுல எடை போற மாதிரி வச்சேன், இடி நின்னுச்சு. ஆட்டம் நிக்கல. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே மூணு நாலு செகண்டு ஆடுது, காத்தடிச்சா கேக்கவே வேணாம். பார்லோ சுத்த வேஸ்ட், மங்கிப் போகுது, தனியா ஒரு 6 மி.மீ ஐபீஸ் வாங்குனேன், 108 மடங்கு வருது, இந்தக் குழாய்க்கு அது நல்லா ஒத்துப் போச்சு. கூரியர்ல உருட்டுன உருட்டுல கண்ணாடி அலைன்மென்ட்டும் போயிருந்துச்சு, அதைச் சரி பண்ணக் கத்துக்க ஒரு வாரம் ஆச்சு. பொறுமை இல்லாத ஆளுன்னா நியூட்டோனியன் பக்கமே வராதீங்க.

இனி நல்லதுக்கு வர்றேன். கண்ணாடி நெசமாவே தரம். 130 மி.மீக்கு கணக்குப்படி 0.9 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரியை 3,600 பங்கு போட்டா ஒரு பங்குதான் ஆர்க்செகண்டு) வரைக்கும் பிரிச்சுக் காட்டணும், அம்புட்டு நான் சோதிக்கல, ஆனா கன்னி ராசில போர்ரிமான்னு ஒரு இரட்டை இருக்கு, ரெண்டும் ஒரே பிரகாசம், ஒண்ணையொண்ணு சுத்த 169 வருஷம், 2005-ல ரொம்ப நெருங்கி வந்து பெரிய டெலஸ்கோப்புக்கே தண்ணி காட்டுச்சு, இப்ப 3 ஆர்க்செகண்டு சொச்சத்துக்கு விலகியிருக்கு. 108-ல வச்சா ரிங்ரோட்டுல ரொம்ப தூரத்துல வர்ற லாரியோட ரெண்டு லைட் மாதிரி தனித்தனியா. இதைப் பாத்தது மே 12 ராத்திரி, காலையில அழகர் ஆத்துல எறங்குனாரு, ராத்திரி முழு நிலா, கூட்டத்துல நின்ன காலு இன்னும் வலிக்குது, அந்த வெளிச்சத்துலயும் பிரிச்சுக் காட்டுச்சு.

சிம்மத்துல அல்ஜீபா, மிதுனத்துல காஸ்டர் (நம்ம புனர்பூசத்துல ஒண்ணு) ரெண்டும் ஏப்ரல் மே சாயங்காலத்துக்கு சுலபம். அல்பிரியோங்கிற இரட்டைக்கு மட்டும் நடுச்சாமம் தாண்டி முழிச்சிருக்கணும், ஒண்ணு பொன் கலர் ஒண்ணு நீலம், 25 மி.மீ ஐபீஸ்ல வர்ற 26 மடங்கே போதும், பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல அயிட்டம் கெடையாது.

தெக்கதான் நமக்குப் பொக்கிஷம். ஆல்ஃபா சென்டாரி மே மாசம் பதினொன்றரை வாக்குல 19 டிகிரி உயரத்துல நிக்கும், வடநாட்டுல பல ஊருக்கு இது எட்டாத கனி. புகைமூட்டத்துலயும் 65-ல ரெண்டு மஞ்சப் புள்ளியா பிரியுது. இது இரட்டைன்னு மொதல்ல கண்டுபிடிச்சதே நம்ம பாண்டிச்சேரில இருந்துதான், 1689 டிசம்பர்ல ரிஷோன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் வால் நட்சத்திரத்தைப் பாக்கப் போய் இதைப் பாத்திருக்கார். நானும் அதே கிழடு நட்சத்திரத்தை லுங்கியக் கட்டிக்கிட்டு கொசுவர்த்தி பொகையில உக்காந்து பாக்குறேன், என்னமோ ஒரு சந்தோசம்.

ஒரு நா அப்பத்தாவை மாடியேத்திக் கூட்டியாந்து அருந்ததியைக் காட்டுனேன். "என் கல்யாணத்துலயும் பாருன்னாய்ங்க, பகல் பதினோரு மணிக்குப் பந்தலுக்குள்ள நின்னு என்னத்தப்பா பாக்குறது, தெரியுதுன்னு தலையாட்டிட்டேன்"னுச்சு. 26-ல வசிஷ்டரும் அருந்ததியும் ஒரே வட்டத்துக்குள்ள வந்துர்றாக. அதுக்கப்புறம் 65-க்கு மாத்தி, அப்பத்தா நல்லாப் பாரு, வசிஷ்டரே ரெண்டு பேரு, 14 ஆர்க்செகண்டு தள்ளி பக்கத்துலயே ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குன்னேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்காம பாத்துட்டு, "இது அருந்ததிக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுச்சு. நான் என்ன பதில் சொல்ல.

சனி விஷயத்துல என் நேரம் சரியில்ல. வளையம் பாக்கத்தான் இதையே வாங்குனேன், 2025 மார்ச் 23-ந் தேதி வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருக்கு, ஏறக்குறைய 15 வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குறது, கரெக்டா அந்த வாரம் ஆர்டர் போட்டிருக்கேன். மே கடைசில அலாரம் வச்சு நாலு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தா கோலிக்குண்டுல ஊசி சொருகுன மாதிரி ஒரு கோடு. இது டெலஸ்கோப் கொறை இல்ல, ஒரு ஸ்டாரும் இதுக்காகக் கொறைக்க மாட்டேன். இனி வருஷா வருஷம் விரியும், 2032 வாக்குல நல்லா அகலமா தெரியும். அந்நேரம் கிழக்க வெள்ளி அரை நிலா மாதிரி இருந்தது ஆறுதல். செவ்வாய் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, அதுல சொல்ல ஒண்ணுமில்ல.

கேட்டை நட்சத்திரம், அதான் அன்டாரெஸ், அதுக்கு ஒட்டுனாப்புல ஒரு மங்கலான துணை உண்டு, செவப்பு வெளிச்சத்துக்குள்ள முங்கிக் கெடக்கும். ஒரு சாயங்காலம் நல்ல கோடை மழை, தளம் ஜில்லுன்னு ஆயிருச்சு, ராத்திரி ஒரு மணிக்கு 108-ல வச்சா நட்சத்திரம் ஆடாம நிக்குது, ஓரத்துல பச்சையா ஒரு பொடி. பத்து செகண்டு இருக்கும். மறுநாள், அதுக்கு மறுநாள், இன்னொரு வாரம் கழிச்சும் பாத்தேன், மாட்டவே இல்ல.

குழாய்க்கு 5-க்கு நாலரை, மவுண்ட்டுக்கு ஒண்ணரை, அதுவும் இரும்பு வெயிட்டா இருக்குறதுக்காக. இதே கண்ணாடி மேஜை மேல வச்சு கையால திருப்புற டாப்சோனியன்ங்கிற மரப் பெட்டித் தாங்கில வருது, புதுசா வாங்குறவுக அதைப் பாருங்க. அந்த மாதிரி அடிப்பெட்டி மட்டும் மதுரைல யார்கிட்டயாவது சும்மா கெடந்தா சொல்லுங்க, என் மவுண்ட்டைக் குடுத்து மேல காசும் தர்றேன்.