ஃபுஸ்ஹாவா, பேச்சு வழக்கா: பள்ளியில் அரபு எங்கே தொடங்குவது?

எந்தப் பாடநூல் வாங்கலாம் என்று ஆராய்வதற்கு முன்பே அரபு ஆசிரியர் முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றுவிடும்: எந்த அரபு? 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள், வாரத்துக்கு மூன்று பாடவேளை, அதிகம் போனால் மூன்று ஆண்டு. இதற்குள் ஏட்டு அரபான ஃபுஸ்ஹாவைச் சொல்லித் தருவதா, வீட்டிலும் தெருவிலும் புழங்கும் ஆம்மிய்யாவையா, இரண்டையும் சேர்த்தா?

தமிழருக்கு இந்தச் சிக்கலை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துட்டிருக்கேன்’ என்று பேசுகிறவர்கள்தானே நாம். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இந்த இரட்டை வழக்கு நிலையைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட நான்கு உதாரணங்களில் அரபும் ஒன்று. அரபில் ஊருக்கு ஊர் பேச்சும் மாறும். ‘இப்போது’ என்பதற்கு ஃபுஸ்ஹாவில் ‘அல்ஆன்’. கெய்ரோவில் ‘தில்வஅத்தி’, டமாஸ்கஸில் ‘ஹல்ல’, வளைகுடாவில் ‘அல்ஹீன்’, மொராக்கோவில் ‘தாபா’.

ஃபுஸ்ஹாவின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. அரபு லீக்கின் 22 நாடுகளில் பெரும்பாலானவற்றில் செய்தித்தாளும் பள்ளிப் புத்தகமும் அதில்தான். 1973-இல் ஐநா பொதுச்சபையின் அலுவல் மொழியானதும் அதுவே. குறில் உயிரொலிக் குறிகள் போட்ட எளிய கதைகளும் இலக்கண நூல்களும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் யாருக்கும் அது தாய்மொழி கிடையாது. கெய்ரோவில் ஒரு கடையில் போய் ‘மாதா துரீத்?’ என்ற பாணியில் பேசும் பிள்ளையைக் கடைக்காரர் நன்றாகவே புரிந்துகொள்வார். ஒரு புன்னகையோடு ‘ஆயிஸ் ஏ?’ என்று தன் வழக்கில் கேட்பார். ‘என்ன வேண்டும்?’ என்பதுதான் இரண்டுக்கும் பொருள். நம் பிள்ளை விழிக்கும்.

இந்தக் குறையைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பதும் உண்மை. அரபுக் குழந்தைகளே ஃபுஸ்ஹாவின் ஓசையைப் பள்ளிக்குப் போகும் முன் கார்ட்டூன்களில்தான் கேட்கிறார்கள். டிஸ்னி பல ஆண்டுகள் எகிப்திய வழக்கில் குரல் மாற்றிவந்தது. 2013-இல் ‘ஃப்ரோஸன்’ ஃபுஸ்ஹாவில் வந்தபோது, ‘குழந்தைப் படத்துக்கு இவ்வளவு கனமான மொழியா?’ என்று ஒரு விவாதமே நடந்தது. ஏட்டு மொழி செத்துப்போன மொழியில்லை. அதில் பாட்டும் வரும், சிரிப்பும் வரும்.

பேச்சு வழக்கு மட்டும் என்ற வழி பிள்ளைகளுக்கு முதல் மாதத்திலேயே இனிக்கும். வேற்றுமை விகுதிகள் கிடையாது. வினையில் இருவரை மட்டும் குறிக்கும் இருமை வடிவங்கள் உதிர்ந்துவிட்டன. பத்து வாக்கியம் தெரிந்தால் ஒரு உரையாடல் ஓடும். எந்த ஊர் வழக்கு என்ற கேள்வி வரும்போதுதான் முட்டுகிறது. சினிமாவின் புண்ணியத்தில் எகிப்திய வழக்கு பல நாடுகளில் புரியும். சிரிய, லெபனான் வழக்குக்கும் தொலைக்காட்சித் தொடர்களால் நல்ல பரவல் உண்டு. மொராக்கோ வழக்கு மட்டும் கற்றவர் பாக்தாத்தில் திணறுவார். அதைவிடப் பெரிய குறை, மூன்றாண்டு படித்த பிள்ளையால் ஒரு செய்தித் தலைப்பையோ கதைப் புத்தகத்தையோ புரிந்து படிக்க முடியாது. பள்ளிப் பாடத்துக்கு இது பெரிய ஓட்டை.

மூன்றாவது வழி, இரண்டையும் சேர்ப்பது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முந்தர் யூனிஸ் பல ஆண்டுகள் இப்படித்தான் கற்பித்தார்: பேச்சுக்கு ஷாம் பகுதி (சிரியா, லெபனான் வட்டாரம்) வழக்கு, படிக்கவும் எழுதவும் ஃபுஸ்ஹா. பிள்ளைகள் குழம்பிவிடும் என்பது வழக்கமான எதிர்ப்பு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டுரையில் ‘இருக்கிறது’ என்றும் வாயில் ‘இருக்கு’ என்றும் வைத்துக்கொள்ளத் தமிழ்ப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. ஆனால் வழக்கு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை எகிப்து, புதன்கிழமை வளைகுடா என்று ஆசிரியர் மாற்றி மாற்றிப் பேசினால் குழப்பம் உறுதி.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆங்கிலம் பேசும் பெரியவர்கள் அரபில் தொழில்முறைத் தேர்ச்சி பெற அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஒதுக்கும் வகுப்பு நேரம் 2200 மணி. 45 நிமிடப் பாடவேளை வாரத்துக்கு மூன்று, ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 90 மணிதான் வரும். மூன்றாண்டில் 270, அதாவது எட்டில் ஒரு பங்கு. இந்தச் சின்னப் பையில் முழு இலக்கணத்தையும் திணிக்கப் பார்ப்பது வீண். அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. ஆசிரியருக்கு எந்தப் பேச்சு வழக்கும் சரளமாக வராது என்றால் ஃபுஸ்ஹாவே போதும். சொல்லின் இறுதியில் வரும் வேற்றுமை உயிரொலிகளை விட்டுவிட்டு இயல்பாகப் பேசட்டும்.

அப்புறம் எழுத்து. 28 எழுத்துகள், வலமிருந்து இடம், சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப மாறும் உருவம். மாதக்கணக்கில் எழுத்தை மட்டும் ஓட்டினால் வகுப்பு சலித்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் காதுக்கும் வாய்க்கும் கொடுத்துவிட்டு எழுத்துக்குப் போவது மேல். உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் சீக்கிரம் நிறுத்த வேண்டும். இதயத்தையும் நாயையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கல்ப்’. அரபில் முதலெழுத்து வேறு: தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் காஃப் ஒன்று, நம் ககரம் போன்ற காஃப் இன்னொன்று. (அந்த இரண்டு எழுத்தின் பெயரும் தமிழில் ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள்.) ‘என் இதயமே’ என்று கொஞ்ச நினைத்து ‘என் நாயே’ என்று சொல்லிவைக்கலாம்.

சொல் கற்பிப்பதில் பட்டியல் மனப்பாடமா, வேர்ச்சொல் முறையா என்று கேட்டால் எனக்கு யோசனையே இல்லை. க-த-ப என்ற மூன்று மெய்கள் எழுதுவதைக் குறிக்கும். கிதாப் புத்தகம், காதிப் எழுத்தாளர், மக்தபா நூலகம், மக்தூப் எழுதப்பட்டது. தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு கூடுதல் சீட்டு கையில் இருக்கிறது. சட்டம் ‘அமல்’ ஆவதும் ‘மாமூல்’ வாழ்க்கையும் ஒரே அரபு வேர். வயலின் ‘மகசூல்’ பிறந்த வேரில்தான் தாசில்தாரின் ‘தாசில்’ பிறந்தது. மக்தூப், மாமூல், மகசூல் மூன்றையும் பலகையில் எழுதி மெதுவாகச் சொல்லச் சொன்னால், ‘ம’வில் தொடங்கி நடுவில் ‘ஊ’ நீளும் அச்சைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். செயப்பாட்டு எச்சம் என்ற பெயரை அடுத்த ஆண்டு சொன்னால் போதும்.

பண்பாட்டை ஆண்டுக்கு ஒருமுறை ‘அரபு தினம்’ வைத்துக் காட்டும் பள்ளிகள் உண்டு. ஒட்டகப் படம், ஒரு பாட்டு, நீள அங்கி, முடிந்தது. அதில் கெட்டது ஒன்றுமில்லை, ஒட்டுவதும் ஒன்றுமில்லை. எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களும் லெபனானின் மரோனியக் கிறிஸ்தவர்களும் பேசுவது அரபுதான், ஈரானியரும் துருக்கியரும் அரபியர் அல்லர் என்பதெல்லாம் அந்த மேடையில் ஏறுவதேயில்லை. தினசரிப் பேச்சின் வழியாகக் கொடுக்கும் பண்பாடு வேறு ரகம். ‘ஸபாஹுல் கைர்’, நல்ல காலை, என்றால் பதில் ‘ஸபாஹுன் நூர்’, ஒளி நிறைந்த காலை. முடிவெட்டிக்கொண்டு வருபவருக்குச் சொல்ல ‘நயீமன்’ என்று தனிச்சொல்லே உண்டு. அப்பாவின் சகோதரர் ‘அம்ம்’, அம்மாவின் சகோதரர் ‘கால்’. சித்தப்பாவையும் மாமாவையும் பிரித்தே பழகிய பிள்ளைக்கு இது புதிதே இல்லை. கடைசியாக ஒன்று சொன்னால் வகுப்பே சிரிக்கும்: அரபு வீடுகளில் அம்மாவுக்குப் பெயர் ‘மாமா’. அந்த அம்மாவும் தன் மகனைச் செல்லமாக ‘மாமா’ என்றே திருப்பிக் கூப்பிடுவாள். சிரித்து முடித்ததும், ‘உன் வீட்டில் பெண்பிள்ளையை வாம்மா என்றும் பையனை வாப்பா என்றும் ஏன் கூப்பிடுகிறார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.