செமாக்ளூடைடு பென் ஊசி: போட்டுப் பாத்த அனுபவம், காசுக்கு வொர்த்தா?

மொதல்ல ஒன்னு சொல்லிடுறேன், இது கொழுப்ப கரைக்கிற ஊசி இல்ல. மெடிக்கல்ல போய் "வெயிட் குறையுற ஊசி குடுங்க"ன்னு கேக்குறாங்களாம், தயவுசெஞ்சு டாக்டர் பாக்காம போட்டுக்காதீங்க. எனக்கு சுகருக்காக எழுதிக் குடுத்தாங்க, எடையும் கொஞ்சம் எறங்கட்டும்னு. பிராண்ட் பேரு வேணாம், மருந்த பத்தி மட்டும் பேசுவோம்.

வேல செய்யுற விதம் தெரிஞ்சாதான் ரிவ்யூ புரியும். நாம சாப்ட்டதும் சிறுகுடலோட கடைசிப் பக்கமும் பெருங்குடலும் ஜிஎல்பி-1னு ஒரு ஹார்மோன விடும். அது கணையத்துகிட்ட இன்சுலின் விடுன்னு சொல்லும், இரைப்பைய மெதுவா காலி பண்ண வைக்கும், மூளைக்கு "போதும்ப்பா"ன்னு தகவல் அனுப்பும். ஆனா நம்ம ஒடம்பு விடுற ஜிஎல்பி-1 ரத்தத்துல ரெண்டே நிமிஷத்துல பாதி காலி, டிபிபி-4னு ஒரு என்சைம் வெட்டித் தள்ளிடும். செமாக்ளூடைடு அதே ஹார்மோனதான் கொஞ்சம் மாத்தி, ரத்தத்துல இருக்குற ஆல்புமின்ங்கிற புரதத்துல ஒட்டிக்கிற மாதிரி பண்ணிருக்காங்க, பாதி கொறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், அதான் வாரத்துக்கு ஒரு ஊசி. (இது பல்லி விஷம்னு ஒரு பார்வர்டு சுத்துது. இதே குடும்பத்துல 2005ல அமெரிக்கால வந்த மொத மருந்து எக்செனடைடுதான் கிலா மான்ஸ்டர்ங்கிற பல்லியோட விஷத்துல கண்டுபிடிச்சத வச்சு பண்ணது. இது அது இல்ல.)

சரி, எப்டி இருக்கு? வீட்ல தோச சுட்டா நாலாவதுக்கும் தட்ட நீட்டுற ஆளு நான், இப்போ ரெண்டு முடிஞ்சதும் கை தானா தட்ட நகத்திடுது, சட்னி மிச்சம் கெடக்கு, அத வழிச்சு நக்கணும்னும் தோணல. ஆனா எனக்கு அத விட பெருசு, சாப்பாட்டு நேரத்துக்கு நடுவுல சாப்பாட்ட பத்தி யோசிக்கிறதே நின்னு போச்சு. சாயங்காலம் டீக்கடைல பஜ்ஜி போடுற வாசன வருது, வாசனையா மட்டும்தான் வருது, கால் அந்தப் பக்கம் போகல. இதுக்கே ஸ்டார் குடுக்கலாம்.

இப்போ கஷ்டத்த சொல்றேன். 0.25 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு நாலு வாரம் கழிச்சு 0.5, அப்புறம் படிப்படியா ஏத்துவாங்க, ஒவ்வொரு தடவ ஏத்துறப்பவும் கொமட்டல், முட்ட நாத்தம் அடிக்கிற ஏப்பம், மலச்சிக்கல். போதும்ங்கிற தகவல் போய் சேர்ற மூளைத்தண்டு பக்கத்துலதான் வாந்திய கிளப்புற எடமும் இருக்கு, ரெண்டையும் மருந்து தொட்டுடுது. பிரியாணியோ எண்ணெ மெதக்குற பரோட்டாவோ டோஸ் ஏத்துன அன்னைக்கு வேண்டவே வேணாம், வயிறு மெதுவா காலியாகுறதால நைட்டு ஃபுல்லா நெஞ்சுலயே நிக்கும். பசிக்கலன்னு டீயும் பிஸ்கட்டுமா ஓட்டுனா கொழுப்போட சேந்து தசையும் கரையும், அதனால முட்ட, சுண்டல், பருப்புன்னு புரதத்த மொதல்ல சாப்டுருங்க. இன்னொரு லாபமும் இருக்கு, புரதமும் கொழுப்பும் முன்சிறுகுடலுக்கு வந்தாதான் சிசிகேங்கிற ஹார்மோன் நல்லா சொரக்கும், அது வயித்துலேர்ந்து மூளைக்குப் போற வேகஸ் நரம்பு வழியா தனியா ஒரு "போதும்" அனுப்பும்.

கணையமும் சும்மா இல்ல, இன்சுலினோட கூடவே அமிலின்னு ஒன்ன விடும், அதுவும் நெறஞ்சிடுச்சுன்னுதான் சொல்லும். அமிலின் மாதிரி பண்ண காக்ரிலின்டைட செமாக்ளூடைடோட சேத்து ட்ரையல் பண்ணிருக்காங்க. நான் அதுக்காக வெயிட் பண்ணல, இது போதும்.

பெரிய கொற, நிறுத்துனா பசி திரும்பி வந்துடும். வாரம் 2.4 மில்லிகிராம் போட்ட பெரிய ட்ரையல்ல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எட குறைஞ்சுது, ஆனா நிறுத்துன பொறவு ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு. அப்போ மாசாமாசம் இந்த செலவு ஓடிட்டேதான் இருக்கும், மொதல்ல பட்ஜெட்ட பாத்துட்டு ஆரம்பிங்க. கணைய வீக்கம் வந்தவங்க, வீட்ல யாருக்காவது மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்தவங்க அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.

அஞ்சுக்கு நாலு. தெறக்காத பென்ன பிரிட்ஜ்ல வைங்க, பிரீசர் பக்கம் ஒட்டி வைக்காதீங்க, ஒரு தடவ ஒறஞ்சுட்டா தூக்கிப் போட வேண்டியதுதான். பென்னோட ஊசி வருதா இல்ல தனியா வாங்கணுமான்னு கடைலயே கேட்டுக்கோங்க.