பெட்டி வீடா, ஓட்டு வீடா, பூசாத செங்கலா?

தம்பி திருச்சியில் 30க்கு 40 மனை வாங்கியிருக்கிறான், அரை கிரவுண்ட். மூன்று மாதமாக எங்கள் குடும்பத்தில் எலிவேஷன், அதாவது வீட்டின் வெளித்தோற்றம் பற்றிய பேச்சுதான். அவனுக்குப் பெட்டி மாதிரி நவீன மாடல் வேண்டும், அவன் மனைவிக்குச் செட்டிநாட்டுச் சாயலில் ஓடு போட்ட வீடு, எனக்குக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாணியில் பூசாத செங்கல். மூன்றையும் ஆற அமர யோசித்ததில் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. நான் குடியிருப்பதே அப்படி ஒரு வீட்டில்தான், அதனால் குறையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. முகப்பு வழவழவென்று வரவேண்டும் என்பதற்காக மேற்குப் பக்கம் சன்ஷேடே வைக்காமல் கட்டினோம். சித்திரை, வைகாசியில் அந்தச் சுவர் மாலை முழுக்க வெயிலை வாங்கி, ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே அனலாகக் கக்கும். ஐப்பசி மழையில் ஜன்னல் ஓரமாகத் தண்ணீர் இறங்கும். முகப்பில் அழகுக்காக நீட்டிய பட்டைகளின் மேல் தூசி படிந்து, மழையில் கரைந்து, சுவரில் கறுப்புக் கோடு கோடாக வழியும். ஐந்தாவது வருடமே மறுபடி பெயிண்ட் அடித்தோம். ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருள் வைத்த பலகை) ஒட்டிவிட்டால் பெயிண்ட் செலவு இல்லையே என்பார்கள். அதன் நடுவில் பிளாஸ்டிக் இருக்கும் ரகம் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2017இல் லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் 72 பேர் இறந்தபோது உலகமே பார்த்தது. வீட்டில் ஒட்ட எனக்கு மனம் வராது.

ஆனால் பெட்டிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தளம் தட்டையாக இருப்பதால் பின்னால் மாடி எடுக்கலாம், வடகம் காயவைக்கலாம், துணி உலர்த்தலாம். எந்த மேஸ்திரிக்கும் கட்டத் தெரியும். அரை கிரவுண்ட் ஆளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

ஓட்டு வீடு என்றால் எனக்கும் ஆசைதான். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அந்த ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. சரிவாக நின்று மழையை உடனே தள்ளிவிடும், இடுக்கு வழியாகச் சூடான காற்று வெளியேறும், சுவரைத் தாண்டி இரண்டடி மூன்றடி நீளும் தாழ்வாரம் சுவருக்கு வெயிலும் சாரலும் படாமல் காக்கும். அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? அரை கிரவுண்டில் பக்கவாட்டில் விடும் கொஞ்ச இடத்தில் அந்தத் தாழ்வாரத்தை எங்கே நீட்டுவது, தண்ணீர் பக்கத்து வீட்டில் அல்லவா விழும். மாடி எடுக்கும் வழியும் அடைபட்டுப்போகும். கடலோரத்தில் இன்னும் யோசிக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் எத்தனை ஓட்டு வீடுகள் வானம் பார்த்தன! இப்போது பலர் செய்வது போல, சரிவாக காங்கிரீட் போட்டு மேலே ஓட்டை ஒட்டினால் பார்வைக்கு ஓட்டு வீடு, உள்ளே காங்கிரீட் வெக்கை. முகப்பில் மட்டும் இரண்டு மரத்தூண் நிறுத்தி செட்டிநாடு என்பதும் அப்படித்தான். காரைக்குடிப் பக்கத்து வீடுகள் குளிர்ச்சியாக இருப்பதற்குக் கனத்த சுவரும், சுண்ணாம்புப் பூச்சும், நடு முற்றமும் காரணம். தூண் மட்டும் அதைச் செய்யாது. பெரிய மனை, உள்நாட்டு ஊர், மாடி வேண்டாம் என்றால் தாராளமாக ஓடு போடுங்கள்.

மூன்றாவதில்தான் என் மனம் நிற்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த பேக்கர் பரப்பிய முறைகளில் ஒன்று எலிப்பொறிக் கட்டு, மேஸ்திரிகள் ரேட் ட்ராப் என்பார்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, ஒன்பது அங்குலச் சுவருக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சம், நடுவில் இருக்கும் காற்று வெக்கையையும் மட்டுப்படுத்தும். வெளியே பூச்சும் இல்லை, பெயிண்டும் இல்லை. மேற்கே சன்ஷேட் மட்டும் போதாது, நாலு மணி வெயில் தாழ்ந்து வருவதால் அதற்கு அடியிலேயே நுழைந்துவிடும். அந்தப் பக்கம் செங்கல் ஜாலி, அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் தடுப்பு வைத்தால் காற்று வரும், வெயில் சல்லடையாகித்தான் வரும்.

கஷ்டமும் இருக்கிறது. செங்கல் ஒரே அளவாக, நன்றாக வெந்ததாக வேண்டும். பூச்சு இருந்தால் மறையும் கோணல் எல்லாம் இதில் அப்படியே தெரியும். மட்டமான கல் என்றால் உப்புப் பூத்து உதிரும். ஒயரிங் பைப் எங்கே போகிறது என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். "பணம் தீர்ந்துபோய் பூசாமல் விட்டார்களா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை.

தம்பியிடம் நான் சொன்னது இது: தளம் தட்டையாகவே இருக்கட்டும், மாடி பிறகு எடுத்துக்கொள். சுவர் ரேட் ட்ராப், நாலு பக்கமும் ஜன்னல்களுக்கு மேல் இடத்துக்குத் தகுந்த சன்ஷேட், மேற்கே ஜாலி. அவன் மனைவி கேட்ட ஓடு வாசல் போர்ட்டிகோவுக்கு மட்டும், சரிவாக. மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன் மனையின் ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போய்ப் பார்க்கிறோம், அம்மாவும் வருகிறார்.